கடைசி வரிசையில் ஒரு நாற்காலி

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாமெல்லாம் போன மாதம் கூடியிருந்தபோது, சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டே உங்களில் ஒருவர் சொன்னார்: "நம்ம காலத்துல பள்ளிக்கூடத்துக்குள்ள சாதி ஏது? எல்லாப் புள்ளைகளும் ஒண்ணாத்தான உக்காந்துச்சு?" நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே கேட்டிருப்பேன். ஒத்தக்கடை பஸ் புறப்படுகிற நேரம் என்று கூட வந்தவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அதனால் எழுதுகிறேன். ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம், இல்லை என்று சொல்லவில்லை. எப்படி உட்கார்ந்தோம் என்பதையும் கேட்டுவிட்டு அப்புறம் தலையாட்டுங்கள்.

எங்கள் ஊர் மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருந்தது. வானம் பார்த்த பூமி. சோளமும் பருத்தியும்தான் வெள்ளாமை. ஊர் ஒரு பக்கம், ஓடையைத் தாண்டி எங்கள் காலனி ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடம். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே நாலாம் வகுப்பு. ஓடு போட்ட நீளக் கூடம் ஒன்றில் நாலும் ஐந்தும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். தலைமையாசிரியரை நாங்கள் பெரிய சார் என்போம். இரண்டு வகுப்புக்கும் அவர்தான் பாடம்.

இன்னார் இன்ன இடத்தில் உட்கார வேண்டும் என்று எங்கும் எழுதிப் போட்டிருக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் கரும்பலகையை ஒட்டி உட்கார்ந்தார்கள். காலனிப் பிள்ளைகள் கடைசி வரிசையில், வாசல்படியை ஒட்டி. என் அக்கா உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். முதல் நாள் போனபோது யாரும் எனக்கு இடம் காட்டவில்லை. கால் தானாகவே அங்கே போய் நின்றது.

கரும்பலகை அப்போது சுவரில் கிடையாது. மரக்கால்களில் சாய்ந்து நிற்கும் பலகை. வெள்ளிக்கிழமைதோறும் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்து அதற்குப் பூச வேண்டும். வேலியோரம் அலைந்து இலை பறித்து வருவது எங்கள் வரிசையின் வேலை. பூசுகிற அன்றைக்கு மட்டும் பலகைக்குப் பக்கத்தில் போவோம். அந்தப் பச்சை வாடை கையில் ரெண்டு நாள் இருக்கும். மற்ற நாட்களில் எங்கள் இடத்திலிருந்து பார்த்தால் எழுத்து பாதி தெரியும், பாதியை நாங்களே யூகித்துக்கொள்ள வேண்டும். என் யூகம் அநேகமாகத் தப்பாக இருக்கும். "மண்டையில ஒண்ணும் ஏறாது" என்பார் பெரிய சார். அவர் அதை வைதுகூடச் சொல்லமாட்டார். மழை வராது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வார்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். வருசாவருசம் தை பிறந்ததும் மதுரையிலிருந்து பயிற்சி ஆசிரியர்கள் வந்து எங்கள் பள்ளியில் பாடம் நடத்திப் பழகுவார்கள். அவர்கள் நடத்துவதைப் பார்க்க அவர்களுடைய விரிவுரையாளர் வருவார். பார்க்க வருகிறவர் வகுப்பின் பின்னால் உட்கார்ந்துதான் குறிப்பெடுப்பார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாமும் பார்க்கப் போன இடத்தில் அப்படித்தான் உட்கார்ந்தோம். எங்கள் கூடத்தில் பின்னால் என்றால் நாங்கள். அவரை எங்களுக்கு நடுவில் உட்காரவைக்க முடியுமா? அதனால் அலுவலக அறையிலிருந்து பிரம்பு நாற்காலி வந்தால் நாங்கள் வெளியே போய்விட வேண்டும்.

"கிரவுண்டுல கல்லுக் கெடக்கு, போய்ப் பொறுக்குங்க" என்பார் பெரிய சார்.

எங்களுக்கு அது கொண்டாட்டம், பொய் சொல்வானேன். வெயிலில் கூத்தடித்துக்கொண்டு கல்லைக் குவிப்போம். மறுதடவைக்கு வேண்டுமே என்று குவித்ததை நாங்களே திரும்ப எறிவதும் உண்டு. பெரிய சாரும் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நினைத்ததே இல்லை. பயிற்சி ஆசிரியர்களிடம் அவர் வெளிப்படையாகவே சொல்வார்: "அதுக கேள்வி கேட்டா முழிக்கும். ஒங்க மார்க்குதான் போகும். ஒங்க நல்லதுக்குத்தான் அனுப்பி வைக்கிறேன்." வந்தவர்களும் நன்றி சொல்லிவிட்டு நடத்துவார்கள்.

அந்த வருசம் வந்த டீச்சர் நன்றி சொல்லவில்லை.

ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, சுருட்டிய படங்கள் நீட்டிக்கொண்டிருக்கும் துணிப்பையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, ரோட்டிலிருந்து நடந்தே வருவார். செருப்பு முழுக்கப் புழுதி. வந்த முதல் வாரம் சிலேட்டைத் திருத்த எங்கள் வரிசைக்கு வந்தார். பெரிய சார் திருத்தும்போது நாங்கள் எழுந்து நின்று சிலேட்டைத் தூக்கிக் காட்டுவோம், அவர் முன்னால் இருந்தபடியே தலையை ஆட்டுவார். அது சரி என்றும் இருக்கலாம், தப்பு என்றும் இருக்கலாம். டீச்சர் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சிலேட்டைக் கையில் வாங்கினார். நான் பலகையைப் பார்த்து எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு என் கண் இருக்கும் உயரத்துக்குக் குனிந்து அங்கிருந்து பலகையைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"இங்கிருந்து எனக்கே தெரியலயே" என்றார்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது கூடம் தலைகீழாக இருந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டுவந்து வாசல்பக்கம் நிறுத்தியிருந்தார். "எல்லாரும் அப்படியே திரும்பி உக்காருங்க" என்றார். யாரும் இடம் மாறவில்லை, எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே திரும்பினோம். கடைசி வரிசை முதல் வரிசை ஆகிவிட்டது. பலகையில் எழுத்து இவ்வளவு பெரியது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சாக்பீஸ் தூள் என் சிலேட்டில் விழுந்தது. அதை ஊதாமல் வைத்திருந்தேன்.

பெரிய சார் வந்து வாசலில் நின்றார். முகம் கறுத்துவிட்டது. "என்னம்மா இது கூத்து?"

"சன்னல் இந்தப் பக்கம் இருக்கு சார். முந்தி உக்காந்த மாதிரி உக்காந்தா வெளிச்சம் வலது பக்கமிருந்து வருது, எழுதுற கையோட நிழலு சிலேட்டுல விழுகுது. வெளிச்சம் இடது பக்கமிருந்து வரணும்னு எங்களுக்குப் பயிற்சியில சொல்லிக்கொடுத்திருக்காங்க."

நமக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், இல்லையா? மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதினோம். வேலைக்குப் போன இடத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று எத்தனை பேர் பார்த்தோம்? பெரிய சாரும் அதைப் படித்தவர்தான். மறுத்துப் பேச அவருக்கு வழியில்லை. "வந்த வேலைய மட்டும் பாருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்குள் பேச்சு கிளம்பியது. அந்தப் பொண்ணு காலனிக்கார ஆளாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் அதுகளுக்கு ஏன் இப்படிப் பரிந்துகொண்டு வருகிறது என்று பெரிய சார் டீக்கடையில் சொன்னாராம். எங்கள் காலனியில் இதற்கு நேர்மாறாகப் பேச்சு. "நம்ம ஆளா இருந்தா இம்புட்டுத் தைரியம் வராது. அது யாரோ பெரிய வீட்டுப் பொண்ணு. வெளையாட்டுக்குச் செய்யுது, அலுத்தாப் போயிரும்" என்றாள் என்னைப் பெற்ற ஆத்தா. இரண்டு பேர் சொன்னதும் தப்பு. டீச்சர் மதுரைக்குள் தறி ஓடும் தெரு ஒன்றைச் சேர்ந்தவர். வீட்டில் அவர்கள் பேசுவது வேறு பாஷை, பல தலைமுறைக்கு முன்னால் குஜராத் பக்கமிருந்து வந்தவர்கள். இதை அவரே பின்னால் சொன்னார். ஒரு ஆசிரியை தன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடம் நடத்த நினைப்பதற்கு, ஆசிரியை என்பதைத் தாண்டி ஒரு காரணம் வேண்டும் என்று இரண்டு பக்கமும் நினைத்தார்களே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த வாரமே கொத்தனார் வந்தார். ஊர்ப் பிள்ளைகள் இருந்த பக்கத்துச் சுவரில் சிமெண்டு பூசி, கறுப்புப் பெயிண்டு அடித்து, சுவரோடு சுவராகக் கரும்பலகை கட்டினார். பெயிண்டு வாடையில் தலை வலித்தது. மரப்பலகை சாமான் அறைக்குப் போய்விட்டது. அதை அப்புறம் நான் பார்க்கவே இல்லை, யார் வீட்டு அடுப்பில் எரிந்ததோ. "இனிமே இதத் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல" என்று பெரிய சார் கொத்தனாரிடம் சிரித்தது எங்கள் காதில் விழுந்தது. நாங்கள் பழையபடி திரும்பி உட்கார்ந்தோம். டீச்சர் எழுதுவதை முன்னால் எழுதினார், எங்களுக்கு நடுவில் வந்து நின்று பாடம் நடத்தினார். ஊர்ப் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒருநாள் ஆத்தா என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஊருக்குள் வேலைக்குப் போன இடத்தில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் டீச்சர் ஓடையைத் தாண்டி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆத்தா விறகுக்குப் பருத்திமாரைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள், உட்காரச் சொல்லவில்லை.

"ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த வம்பு? நீங்க இன்னும் கொஞ்ச நாள்ல பஸ் ஏறிப் போயிருவீக. நாங்க இங்கதான கெடக்கணும்?"

டீச்சர் நின்றபடியே தன்னைப் பற்றிச் சொன்னார். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அவருக்குத் தமிழ் பேச வராதாம். வீட்டுப் பாஷை மட்டும்தான் வாயில் வருமாம். அந்த வகுப்பு டீச்சர் கேட்டதற்குப் பதில் பேசாததால், இது மந்தப் பிள்ளை என்று தண்ணீர்ப் பானைப் பக்கம் உட்காரவைத்துவிட்டார்களாம். "அந்த வருசம் முழுக்க எனக்கு ஒண்ணுமே சொல்லிக்கொடுக்கல அக்கா. எனக்கு எல்லாம் புரிஞ்சது. புரிஞ்சதுன்னு சொல்லத்தான் தெரியல."

"அதுவும் இதுவும் ஒண்ணா?" என்றாள் ஆத்தா.

"ஒண்ணு இல்லக்கா. என்னைய வெளிய போன்னு யாரும் சொல்லல." டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் போன பெறகு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. அதுக்குப் பொய் சொல்ல மாட்டேன். பரீட்சை அன்னைக்கு இவ வகுப்புல இருக்கணும். அது இல்லாம நான் பாஸ் பண்ணி என்ன செய்யப் போறேன்?"

பரீட்சை என்றது அவருடைய பரீட்சையை. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார், ஒரு பாடவேளை முழுக்கப் பார்ப்பார், அவர் போடும் மார்க்கில்தான் டீச்சருக்குச் சான்றிதழ். அதில் தவறினால் படித்த படிப்பெல்லாம் வீண், வேலையும் இல்லை. மறுநாள் ஆத்தா என் தலையைச் சீவி அனுப்பிவைத்தாள்.

பங்குனி வெயில் ஏறிவிட்ட ஒருநாள் பிரம்பு நாற்காலி வந்தது. பெரிய சார் அதை எங்கள் இடத்தில் போட்டார், கையை வெளியே நீட்டினார். போனோம். அன்றைக்குக் கல் பொறுக்க எங்களில் யாருக்கும் மனசில்லை. கிரவுண்டில், உள்ளே பேசுவது காதில் விழும் தூரத்தில் நின்றபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். தேர்வாளர் உட்கார்ந்தார். மேசைமேல் ஸ்டவ்வும் செம்பும் வைத்திருந்தார் டீச்சர். மழை எப்படிப் பெய்கிறது என்பதுதான் பாடம், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவி காட்டப்போவதாக முதல் நாளே எங்களிடம் சொல்லியிருந்தார். ஆனால் அவர் ஸ்டவ்வைப் பற்றவைக்கவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

பெரிய சார் எங்கள் பெயரைக் கூப்பிடுவதே இல்லை. கடைசி வரிசையை ஒரு பார்வை பார்த்துத் தானே குறித்துக்கொள்வார். டீச்சர் வந்தபிறகுதான் நாங்களும் "உள்ளேன் டீச்சர்" சொல்லப் பழகினோம். ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள் முடிந்தன. எங்களுடையது வந்தது. முதல் பெயரைக் கூப்பிட்டார். உள்ளே சத்தமில்லை. அவர் வரவில்லை என்று குறிக்கவுமில்லை, அடுத்த பெயருக்குப் போகவுமில்லை. அதே பெயரை மறுபடியும் கூப்பிட்டார்.

"அதுகளுக்குத் தோட்ட வேலை சார், அதுவும் பாடத்திட்டத்துல இருக்கிறதுதான்" என்றார் பெரிய சார்.

"இருக்கிற பிள்ளைகளை வச்சு ஆரம்பிங்கம்மா. நேரம் போகுது" என்றார் தேர்வாளர்.

"வகுப்பு இன்னும் முழுசா வரல சார்" என்றார் டீச்சர். மறுபடியும் அதே பெயர். பிறகு அந்தப் பெயரையே கிரவுண்டு முழுக்கக் கேட்கும்படி உரக்கக் கூப்பிட்டார்.

அது என் பெயர்.

பெரிய சார் வாசலில் நின்று என்னையே முறைத்தார். பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. கூப்பிட்டால் நான் பதில் சொல்வேன், எனக்குக் காது இருக்கிறது, வாய் இருக்கிறது, இவர் யார் நடுவில்? "உள்ளேன் டீச்சர்!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே நடந்தேன். அடுத்தது என் மாமா மகள் பெயர். அவளும் கத்தினாள். ஒவ்வொருவராகக் கத்திக்கொண்டே படியேறினோம். பெரிய சார் ஒதுங்க வேண்டியதாயிற்று, ஒதுங்காவிட்டால் எங்கள் மேல் பட்டுவிடுவாரே.

உள்ளே போனால் எங்கள் இடத்தில் நாற்காலி. உட்கார இடமில்லை.

"முன்னால வாங்க" என்றார் டீச்சர். ஊர்ப் பிள்ளைகளைத் தாண்டிப் போய்ச் சிமெண்டுப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்தோம்.

பிறகுதான் ஸ்டவ்வைப் பற்றவைத்தார். தண்ணீர் சூடாகி, ஆவி லேசாக எழும்பியது. அதன்மேல் தட்டைப் பிடிக்கப் போகும்போது மணி அடித்துவிட்டது.

தேர்வாளர் கெட்டவர் இல்லை. போகும்போது டீச்சரிடம் வருத்தமாகத்தான் சொன்னார்: "மழை பெய்யவே இல்லையேம்மா. முடியாத பாடத்துக்கு நான் எப்படி மார்க் போட முடியும்?" டீச்சர் தலையாட்டினார். செம்பை ஊற்றிக் கழுவினார், படங்களைச் சுருட்டினார், எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிப் போய்வருகிறேன் என்றார். தேறவில்லை என்று பின்னால் தெரிந்தது. பெரிய சார் அதை எங்களிடம் சொன்னபோது, "அப்பவே சொன்னேன்ல, கேட்டாத்தான" என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. அடுத்து நாற்காலி வந்தபோது நாங்கள் மறுபடியும் வெளியே.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போய், காலாண்டுப் பரீட்சை நெருங்கிய சமயம். புரட்டாசி. டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி அதே துணிப்பையோடு டீச்சர் நடந்து வந்தார். தவறியவர்கள் மறுபடி பாடம் நடத்திக் காட்டலாம், பள்ளிக்கூடத்தை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பசுமலைப் பக்கம், வீட்டுக்குக் கிட்டத்திலேயே, எத்தனையோ பள்ளிக்கூடங்கள்.

"ஒங்களுக்கு வேற பள்ளிக்கூடமே கெடைக்கலையாம்மா?" என்றார் பெரிய சார்.

"கெடைச்சது சார். எனக்கு இங்கதான் பாடம் பாதியில நிக்குது."

நாளைக்குத் தேர்வாளர் வருகிறார் என்று ஆத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவள் களைக்கொத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தீட்டுவதை நிறுத்தி, "அந்த டீச்சரா? திரும்பி வந்துருச்சா?" என்று கேட்டாள். களைக்கொத்தியை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பிரம்பு நாற்காலி வந்தது, பின்னாலேயே தேர்வாளரும் வந்தார். பெரிய சார் கையை நீட்டப் போகும்போது சன்னல் பக்கம் பார்த்தார், கை அப்படியே நின்றுவிட்டது. வெளியே எங்கள் காலனிப் பெண்கள் நின்றிருந்தார்கள். களையெடுக்கப் போக வேண்டியவர்கள். இடுப்பில் சொருகிய சேலையும் கையில் களைக்கொத்தியுமாகச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். முன்னால் ஆத்தா.

"இங்க என்ன கூட்டம்?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள் ஆத்தா. "டீச்சரு மழையப் பத்திச் சொல்றாகளாம். நாங்களும் கேட்டுட்டுப் போறோம். நீங்க ஒங்க வேலையப் பாருங்க."

பெரிய சார் தேர்வாளரைப் பார்த்தார், தேர்வாளர் டீச்சரைப் பார்த்தார். "பெத்தவங்க சார்" என்றார் டீச்சர். நாற்காலியைப் பெரிய சார் தானே தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் போட்டார். எங்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பெயர் கூப்பிட்டு முடித்து டீச்சர் பாடத்தைத் தொடங்கினார். தண்ணீர் கொதித்தது. ஆவி மேலே போனது. குளிர்ந்த தட்டைப் பிடித்தார். தட்டின் அடியில் முத்து முத்தாகக் கோத்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, சொட்டியது. கடல், வெயில், மேகம், காற்று, மலை எல்லாம் சொன்னார். கேள்வி கேட்டார், நாங்கள் சொன்னோம், தப்பாகச் சொன்னபோது திருத்தினார். மணி அடிப்பதற்குள் பாடம் முடிந்தது. அவர் தேறினார். சன்னலில் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு விழும்வரை பார்த்தார்கள்.

அவர்களோடு நான் ஓடைவரை நடந்தேன். ஆத்தா வானம் பார்த்தே விதைத்து, வானம் பார்த்தே அறுத்தவள். ஓடைக்கரையில் நின்று பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "மழை எங்கேயிருந்து வருதுன்னு சொல்றதுக்கா எம்புள்ளைய வெளிய வெயில்ல நிறுத்தி வச்சாக?"